ஃபார் போட்ட கையெழுத்து

செலினைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல அண்ணனூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அவரிடம் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு இன்டர்வியூவில் தலை நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் மட்டும் ஐந்நூறு பேர் தேறுவார்கள். ஆனால் 2014 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை ஃபோனில் என்ன பேசப்பட்டது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஒன்று அவர், இன்னொன்று நான் என்றுதான் போன சனிக்கிழமை வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் நானே எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டலாம்.

என் பெயர் ரவிச்சந்திரன். ஊர் சிவகாசிப் பக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பது வருடமாக இருக்கிறேன். லாரிக்குப் போகும் பிராக்கெட் அடிக்கிறோம். தகட்டை வெட்டி, வளைத்து, துளை போட்டு, பெட்டியில் அடுக்கி அனுப்புவோம். நான் அங்கே குவாலிட்டி மேனேஜர். அதாவது, தப்பான பொருள் வாசலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். சிரிக்காதீர்கள்.

செலின் 1997-ல் டைப்பிஸ்டாக வந்து சேர்ந்தார். அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா கிறிஸ்துதாஸ், அண்ணனூர் கார் ஷெட்டில் மின்சார ரயில் பெட்டிகளைக் கழுவித் துடைக்கிற வேலையில் இருந்தவர். ஆவடியில் தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது, பிறகு டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர். அவ்வளவுதான் படிப்பு. வேலைக்கு வந்த அடுத்த வருடம் கல்யாணம் ஆனது. வீட்டுக்காரர் ஐயப்பன்தாங்கல் டெப்போவில் கண்டக்டர், ஒரே பையன் இவான். தினமும் அண்ணனூரில் ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, லாரிகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி நடந்து, சைரன் ஊதப் பத்து நிமிஷம் இருக்கும்போதே மேஜையில் இருப்பார். தண்டவாளத்தில் தண்ணீர் நின்ற நாட்களைத் தவிர இது மாறியதே இல்லை.

சேர்ந்த முதல் வாரத்தில் எங்கள் முதலாளி கோதண்டம் அவர் அடித்த ஒரு கடிதத்தைக் கசக்கி எறிந்தாராம். பெரிய வார்த்தைகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. சின்னச் சின்ன வார்த்தைகளில்தான் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்கார்ந்திருந்தது. இதைச் செலினே சிரித்துக்கொண்டு சொல்வார். பெரிய வார்த்தைக்கு டிக்‌ஷனரி இருக்கிறது, இந்தப் பொடிசுகள்தான் மானத்தை வாங்குகின்றன என்பார். அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டார். ஆபீசுக்கு வருகிற ஒவ்வொரு கடிதத்திலும் அந்தப் பொடிசுகள் எங்கே, எதற்காக வந்து நிற்கின்றன என்று பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டார். மற்றதெல்லாம் ஒன்றிரண்டு பக்கத்தில் அடங்கிவிட, ‘ஃபார்’ மட்டும் பதினொரு பக்கம் ஓடியது.

டீ இடைவேளையில் ஷாப்பில் இருக்கிறவர்கள் அவர் மேஜையைச் சுற்றி நிற்பார்கள். துளைக்குள் கேஜ் விட்டு அளவு பார்க்கும் உத்தமனுக்கு இங்கிலீஷ் மேல் தீராத ஆசை. வியாசர்பாடி ஆள், வாய் ஓயாது. செலின் அவனையே உதாரணமாகப் பிடிப்பார். டீ ஃபார் உத்தமன் என்றால் உத்தமனுக்கு டீ. உத்தமன் வெயிட்ஸ் ஃபார் டீ என்றால் டீக்காகக் காத்திருக்கிறான். உத்தமன் டாக்ஸ் ஃபார் டென் மினிட்ஸ் என்றால் பத்து நிமிஷமாகப் பேசிக்கொண்டே இருக்கிறான், வேலை நடக்கவில்லை. நமக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் இருக்கிறது, வார்த்தையின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். இங்கிலீஷ்காரனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை, முன்னாலேயே வந்து நின்றுவிடும் என்று விளக்குவார். நான் இன்ஜினியரிங் படித்தவன். எந்த வாத்தியாரும் எனக்கு இப்படிச் சொல்லித் தந்ததில்லை.

ஒரு நாள் உத்தமன் கையில் இருந்த ரிப்போர்ட்டைக் காட்டி, இந்தக் கையெழுத்துப் பக்கத்தில் நிற்கிற ‘ஃபார்’ என்ன ரகம் என்று கேட்டான். அது பதில் என்றார் செலின். மேனேஜருக்குப் பதிலாக. அவர் இல்லாதபோது அவர் இடத்தில் நின்று போடுகிற கையெழுத்து.

“அப்போ மேனேஜருக்கு வுழுற அடியும் உங்களுக்குத்தானா மேடம்?” என்றான் உத்தமன்.

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தது நான்தான்.

அந்தப் பதில் கையெழுத்து எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கமாகவே ஊறிப்போயிருந்தது. ஒவ்வொரு லாரியோடும் ஒரு சோதனை ரிப்போர்ட் போக வேண்டும். நான் சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கேட்டைத் திறப்பார்கள். நான் இல்லாத நாட்களில் செலின் என் பதவியின் பெயருக்கு முன்னால் பேனாவால் ‘ஃபார்’ என்று எழுதித் தன் கையெழுத்தைப் போடுவார். முதலில் எப்போதாவது ஒரு நாள்தான் இது நடந்தது. பிறகு நான் சாப்பிடப் போனாலும், மீட்டிங்கில் உட்கார்ந்தாலும், இரண்டு மாடி இறங்கிவரச் சோம்பலாக இருந்தாலும் நடந்தது. ‘ஃபார் போட்டாச்சா?’ என்று கேட்டில் இருக்கும் வாட்ச்மேன்கூடக் கேட்பார். அந்த அதிகாரத்தைக் கொடுத்து ஒரு துண்டுக் காகிதம்கூட நான் செலினுக்கு எழுதித் தந்ததில்லை. அவர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஐயப்பன்தாங்கலில் என் மச்சினன் பாண்டியன் வாங்கிய ஃப்ளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். பதினொன்றரை மணிக்கு முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலையில் என் மனைவி ராஜகுமாரி. சாதம் விழுந்து சாம்பார் விழும் நேரத்தில் செலினிடமிருந்து ஃபோன் வந்தது. லாரி வந்து நிற்கிறதாம். ஆயிரத்து இருநூறு பிராக்கெட். உத்தமன் கேஜ் விட்டுப் பார்த்தால் பல துளைகளில் உள்ளே போகாமல் நிற்கிறதாம். லாரியை நிறுத்தி வைக்கட்டுமா, நீங்கள் வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டார். ராஜகுமாரி முழங்கையால் இடித்தாள். இலையில் உட்கார்ந்துகொண்டு என்ன ஃபோன், எதையாவது சொல்லிவிட்டு வையுங்கள் என்றாள்.

“ஒண்ணு ரெண்டு அப்படித்தான் நிக்கும் செலின். ஃபார் போட்டு அனுப்புங்க” என்றேன்.

“இத மட்டும் நீங்க வந்து பாத்துட்டுப் போட்டா நல்லாருக்கும் சார்.”

“பதினேழு வருஷமா போடறீங்க. இன்னிக்கு என்ன புதுசா?”

 சரி சார் என்று சொல்லி வைத்துவிட்டார். நான் பாயசத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்த புதன்கிழமை சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. எங்கள் பிராக்கெட்டில் போல்ட் இறங்காமல், லாரி கம்பெனியில் ஒரு ஷிப்ட் முழுக்க வேலை நின்றுவிட்டதாம். அவர்களுடைய அதிகாரி ஒருவர் பூனேயில் இருந்து நேரிலேயே வந்துவிட்டார். தமிழ் தெரியாதவர். கோதண்டத்தின் அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம்: வந்தவர், கோதண்டம், நான், செலின். மேஜை மேல் அந்த ரிப்போர்ட் கிடந்தது. வந்தவர் கையெழுத்தின் மேல் விரலை வைத்து, இதற்கு அனுமதி கொடுத்தது யார் என்று இங்கிலீஷில் கேட்டார்.

அந்த நேரத்தில் என் மண்டையில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். மகள் அகல்யா அந்த மாதம்தான் காலேஜில் சேர்ந்திருந்தாள். அம்பத்தூரில் ஃப்ளாட் வாங்கிக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு வேலை போனால் குடும்பமே தெருவுக்கு வரும். செலினுக்குப் போனால் வீட்டுக்காரர் வேலையில் இருக்கிறார், சமாளித்துக்கொள்வார். இத்தனையும் மூன்று நொடிக்குள் ஓடியது. அயோக்கியத்தனத்துக்கு மட்டும் மூளை எப்படித்தான் இவ்வளவு வேகமாக வேலை செய்கிறதோ தெரியவில்லை.

“ஐ டிட் நாட் ஆதரைஸ் திஸ். ஐ டோல்ட் ஹர் டு வெயிட்” என்றேன்.

நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. அதையே தமிழில், நான் போடச் சொல்லவில்லை, நிறுத்தி வைக்கத்தான் சொன்னேன் என்று செலினின் முகத்துக்கு நேராகச் சொல்லச் சொல்லியிருந்தால் எனக்கு வாய் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். இங்கிலீஷில் சொல்லும்போது வேறு யாரோ பேசுவது போல இருந்தது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

“லாரிய நிறுத்தவான்னு நான் கேட்டேனே சார். நீங்கதான போடச் சொன்னீங்க” என்றார் செலின்.

ஊருக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவருக்கு அந்த நேரத்தில் இங்கிலீஷ் வரவில்லை. தமிழ்தான் வந்தது. பூனேக்காரர் என் பக்கம் திரும்பி, இந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். கோதண்டத்தைக் கேட்டிருக்கலாம், கேட்டது என்னை. நான் சொன்னேன்: “ஷி இஸ் சாரி ஃபார் த மிஸ்டேக்.”

அந்த வாக்கியம் செலினுக்கு எழுத்துக்கு எழுத்து புரிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோதண்டத்துக்குத் தமிழும் தெரியும், இங்கிலீஷும் தெரியும், பதினேழு வருடப் பழக்கமும் தெரியும். ஆனால் பூனேக்காரரிடம் காட்ட அவருக்கு ஒரு தலை வேண்டியிருந்தது. மேனேஜரை அனுப்புவதைவிட டைப்பிஸ்டை அனுப்புவது சுலபம். அந்த வாரக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

செலின் தன் ராஜினாமாவைத் தானே டைப் அடித்தார். ஒரு பிழை இல்லை. வேலை பார்த்ததற்கான சர்டிபிகேட்டையும் அவரே அடித்து என் மேஜையில் வைத்துவிட்டு, நாலு மணியில் இருந்து என் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையெழுத்துதான் பாக்கி. நான் கீழே பிரஸ் மெஷின்களுக்கு நடுவில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே பார்த்த மெஷினையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். மேலே ஏறிப்போய் அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து பேனாவைத் திறக்க எனக்குத் தெம்பு இல்லை. ஐந்தே முக்காலுக்கு, எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத விஷால் என்ற பையனை ஃபோனில் கூப்பிட்டேன். ஃபார் போட்டுக் கொடுத்துவிடு என்றேன்.

ஷாப் ஜன்னல் வழியாக அவர் வெளியே வருவதைப் பார்த்தேன். கேட்டருகே நின்று காகிதத்தைப் பிரித்து, கையெழுத்து இருந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பட்டரவாக்கம் ஸ்டேஷன் பக்கம் நடந்தார். எனக்கு அப்போது ஏற்பட்ட உணர்ச்சி வெட்கம்கூட இல்லை, அப்பாடா என்றுதான் இருந்தது. வெட்கம் பிறகு வந்தது. வந்தது போகவில்லை.

ஒரு வருடம் கழித்து உத்தமன் வேறு கம்பெனிக்குக் கிளம்பினான். கணக்கு முடிக்க என் அறைக்கு வந்தவனை உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “செலின் மேடம் மூணு ஸ்கூல் ஆபீஸ் ஏறி எறங்கிட்டாங்க சார்” என்றான். “பதினேழு வருஷம் வேல பாத்திருக்கே, மேனேஜரு கையெழுத்து போடலையே, இன்னா பண்ணிட்டு வந்தேன்னு கேக்கறாங்களாம். அடி யாருக்கு வுழும்னு நான் அன்னிக்கே கேட்டேன்.”  அவன் போன பிறகு ஒரு புதுச் சர்டிபிகேட் அடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாம். பத்து நிமிஷ வேலை. அவரே வந்து கேட்டால் தந்துவிடலாம் என்று விட்டுவிட்டேன். அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு எனக்குப் பதிலாக யாரையும் கையெழுத்துப் போட விட்டதில்லை. காய்ச்சலோடு வந்தும் நானே சரக்கைப் பார்த்துப் போட்டேன். மேனேஜர் ரொம்ப ஸ்ட்ரிக்ட் என்று கம்பெனியில் பெயர் வந்தது. ஆண்டு விழாவில் அதற்காக ஒரு சால்வைகூடப் போர்த்தினார்கள். அதை வீட்டில் பீரோவுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன்.

இந்த வருடம் சித்திரையில் ராஜகுமாரிக்கு இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வேகம் வந்தது. எங்கள் அபார்ட்மென்ட் மீட்டிங்கில் ஐ.டி.யில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டி கழுவுவதைக்கூட இங்கிலீஷில்தான் பேசுவார்கள். இவள் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்து என்னிடம் பொரிந்து தள்ளுவாள். கீழ் வீட்டு சபீனா ஒரு வகுப்பைச் சொன்னாள். அண்ணனூரில் வீட்டு மாடியில், சனியும் ஞாயிறும். டீச்சர் பெயர் செலின் மேடம். வீட்டில் இருந்தபடியே தபாலில் பி.ஏ. முடித்தவராம், பத்து வருடமாகச் சொல்லித் தருகிறாராம். வீட்டில் கம்பெனிக் கதை பேசும் பழக்கம் எனக்கு இல்லாததால் ராஜகுமாரிக்கு அந்தப் பெயர் உறைக்கவில்லை. கையில் இருந்த பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து சனி, ஞாயிறு சாயங்காலம் ஆனால் வாசல் பக்கமே காதைத் தீட்டி வைத்திருப்பேன். அவள் படியேறி வரும் சத்தத்தை வைத்தே இன்றைக்குத் தெரிந்துவிட்டதோ என்று பார்ப்பேன். ஒன்றும் தெரிந்திருக்காது. மேடம் அப்படி, மேடம் இப்படி என்று ஒரே புகழாரம். அந்த வகுப்பில் யாராவது தமிழ் பேசிவிட்டால், மேடம் உட்காரச் சொல்லும் வரை எழுந்து நிற்க வேண்டுமாம். ராஜகுமாரி முதல் வாரம் பாதி வகுப்பு நின்றே படித்தாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசை ஊற்றிக்கொண்டே, இன்றைக்கு ‘ஃபார்’ நடத்தினார்கள் என்றாள். தோசை ஃபார் யூ என்று சொல்லி என் தட்டில் போட்டாள். யாருக்கு என்பதற்கு ஒன்று, எதற்காக என்பதற்கு ஒன்று, எத்தனை நாளாக என்பதற்கு ஒன்று என்று எனக்குப் பாடம் எடுத்தாள். டீ கிளாஸ்தான் தோசை ஆகியிருந்தது, மற்றதெல்லாம் அதே பாடம். கடைசியில், ஒருத்தருக்குப் பதிலாக என்பதற்கு மேடம் சொந்தக் கதையையே சொன்னார்களாம். பழைய கம்பெனியில் ஒரு மேனேஜருக்குப் பதிலாகப் பதினேழு வருடம் கையெழுத்துப் போட்டார்களாம். தப்பு நடந்தபோது அந்த ஆள், நான் சொல்லவே இல்லை என்று கழன்றுகொண்டானாம். போகிறபோது சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடக்கூடப் பயந்து ஒளிந்துகொண்டானாம். இப்போது பூந்தமல்லிப் பக்கம் ஒரு காலேஜில் இங்கிலீஷ் பயிற்சி கொடுக்க மேடத்தைக் கூப்பிடுகிறார்களாம். பழைய வேலைக்கு ஒழுங்கான சர்டிபிகேட் கொண்டுவந்தால்தான் சேர்ப்பார்களாம். அந்த ஃபார் போட்ட காகிதத்தை மட்டும் காட்ட மாட்டேன் என்று மேடம் இருக்கிறார்களாம். இந்த மாதக் கடைசிதான் கெடு.

“மனுஷனாங்க அவன்?” என்று கேட்டாள் ராஜகுமாரி.

நான் சட்னி கேட்டேன்.

“அவன் பெண்டாட்டி எப்படித்தான் அவனோட குடித்தனம் பண்றாளோ. தெரிஞ்சா சோறு போடுவாளா?” என்று சொல்லிக்கொண்டே சட்னியை ஊற்றினாள்.  மூன்று தோசை சாப்பிட்டேன், பாதியில் எழுந்தால் ஏன் என்று கேட்பாளே என்று.

மறுநாள் கம்பெனியில் லெட்டர்ஹெட்டை எடுத்து உட்கார்ந்தேன். கோதண்டம் ஒதுங்கிவிட, இப்போது கம்பெனியை அவர் மகன் பார்க்கிறார், அவரிடமும் நான் கேட்கவில்லை. முதல் பக்கம் சர்டிபிகேட்: பதினேழு வருடம், என்னென்ன வேலை, எவ்வளவு நேர்மை. கீழே என் கையெழுத்து, என் முழுப்பெயர், தேதி. இரண்டாவது பக்கம் செலினுக்கு ஒரு கடிதம். அதற்குத்தான் ஐந்து நாள் ஆனது. நடந்ததற்கு வருந்துகிறேன், சூழ்நிலையின் காரணமாகத் தங்களுக்கு ஏற்பட்ட சிரமங்களுக்கு வருந்துகிறேன் என்று நல்ல இங்கிலீஷில், கம்பெனிக் கடிதம் மாதிரியே வந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்து எனக்கே திருப்தியாக இருந்தது. பாருங்கள், இதிலும் எனக்குத் திருப்தி.

சனிக்கிழமை ராஜகுமாரி வகுப்புக்குப் போன பிறகு நானும் அண்ணனூருக்கு ரயில் ஏறினேன். வகுப்பு முடிந்து அவள் கிளம்பிய பிறகு மேலே போவதாகத் திட்டம். ஆனால் அதுவரை ஒதுங்கி நிற்க அந்தத் தெருவில் ஒரு டீக்கடைகூட இல்லை. வீட்டு வாசலில் நின்ற என்னை மாடிக் கைப்பிடியோரம் வந்த செலின் பார்த்துவிட்டார். முடி பாதி நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தார். “கம் அப், சார்” என்றார். ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

ஷீட் போட்ட கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினைந்து பேர். இரண்டாவது வரிசையில் இருந்த ராஜகுமாரி என்னைப் பார்த்து, “நீங்க எங்க இங்க?” என்றாள். தமிழ் பேசிவிட்டதால் உடனே எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கவரைச் செலினிடம் நீட்டினேன்.

அவர் சர்டிபிகேட்டை முழுதாகப் படித்தார். கடிதத்தையும் முழுதாகப் படித்தார். பிறகு, அந்த அறையில் யாரும் அதுவரை அவர் வாயிலிருந்து கேட்டிராத தமிழில் பேசினார்.

“லெட்டர் நல்லாருக்கு சார். ஒரு தப்பு இல்ல. ஆனா யாரு இன்னா பண்ணாங்கன்னு இதுல எங்கயுமே இல்லையே. தமிழ்ல சொல்லுங்க.”

“சாரி செலின்” என்றேன்.

“அதுவும் இங்கிலீஷ்தான்.”

ராஜகுமாரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஏதோ புரிய ஆரம்பிப்பது தெரிந்தது.  அறுபதை நெருங்குகிற ஒரு மனுஷன், ஊர் பேர் தெரியாத பதினைந்து பேருக்கு முன்னால், பெண்டாட்டிக்கு முன்னால், என்ன வார்த்தையில் தொடங்குவது? ‘நான்’ என்றுதான் தொடங்க வேண்டியிருந்தது. அதற்கே தொண்டையை இரண்டு முறை கனைத்தேன்.

“நான்தான் அந்த மேனேஜர். லாரிய நிறுத்தவான்னு இவங்க என்னைக் கேட்டாங்க. நான்தான் போட்டு அனுப்பச் சொன்னேன். முதலாளி முன்னாடி, நான் சொல்லவே இல்லன்னு பொய் சொன்னேன். இவங்க பேசினதையும் மாத்திச் சொன்னேன். இவங்களுக்கு வேலை போச்சு. அப்புறம் கையெழுத்துப் போடறதுக்கும் பயந்து கீழ போய் ஒளிஞ்சுகிட்டேன். மன்னிச்சிடுங்க.”

 பரவாயில்லை சார் என்று செலின் சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். நம் ஊரில் அதைச் சொல்லாதவர்கள் குறைவு. அவர் சொல்லவில்லை. சர்டிபிகேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கடிதத்தை என்னிடமே திருப்பித் தந்தார். ராஜகுமாரி யார் என்று எப்போது தெரியும் என்று கேட்டேன்.

“மொத நாளே. ஃபார்ம்ல ஊட்டுக்காரர் பேர் எழுதினாங்களே” என்றார். “ஊட்டுக்குப் போய் சொல்லுவாங்கன்னுதான் அந்தக் கதைய சொன்னேன். இத வாங்க எனக்குப் பதினொரு வருஷம் ஆயிருக்கு சார்.”

பிறகு வகுப்பின் பக்கம் திரும்பி, “சிட் டவுன், ராஜகுமாரி” என்றார். அவள் உட்காரவில்லை. அவர் இன்னொரு முறை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். நான் படியிறங்கினேன்.

அண்ணனூர் பிளாட்பாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ராஜகுமாரி வந்தாள். பெஞ்சில் என் பக்கத்தில் உட்காராமல் தூணோரம் போய் நின்றாள். ரயில் வந்ததும் ஏறி, எனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பிய பிறகுதான் பேசினாள்.

“பாண்டியன் வீட்டுக் கிரகப்பிரவேசம்தானே அது?”

ஆமாம் என்றேன்.

“பக்கத்து இலையில நான் உக்காந்திருந்தேன். ஃபார் போட்டு அனுப்புங்கன்னு நீங்க சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. எதையாவது சொல்லிட்டு வைங்கன்னு இடிச்சதே நான்தான். அந்தப் பொம்பள வயித்துல அடிச்சதுல எனக்கும்தான் பங்கு இருக்கு.”

அவள் கண் கலங்கியிருந்தது. வண்டி திருமுல்லைவாயலில் நின்று கிளம்பியது. ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும், பாதிச் சுமையை அவள் தூக்கிக்கொண்டிருப்பாள். எனக்குப் பதிலாக ஒருத்தர் தூக்கினால் எவ்வளவு லேசாக இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பதினேழு வருட அனுபவம்.

“இல்ல ராஜி. ஃபோன் என் கையிலதான் இருந்துச்சு” என்றேன்.

 அம்பத்தூர் வந்ததும் அவள் எனக்கு முன்னால் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.